மூலைப் பொட்டு

ஆரம்பாக்கம் தாண்டி, தடா பக்கம், இறால் பண்ணை.
இரவு ஒன்றே கால்.
நான்கு குளத்திலும் துடுப்புச் சக்கரங்கள் நின்றிருக்கின்றன.
ஆக்சிஜன் மூன்றரை என்கிறாள் சுப்பம்மா.
விடிவதற்குள் எல்லாம் செத்து மிதக்கும் என்று
பெஞ்சலய்யா தெலுங்கில் சொல்லி
எனக்காகத் தமிழில் இன்னொரு முறை சொன்னார்.

பெட்டிக்குள் கார்டு.
திருகெல்லாம் துரு, மேலே உப்புக் காற்றுக்குப் பூசிய வார்னிஷ்.
சூடு வைத்துச் சிப்பைப் பெயர்த்தால்
செம்புத் தடமும் தோலோடு வரும்.
இருக்கிற இடத்திலேயே எழுத வேண்டியதுதான்.

ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.
கெப்பாசிட்டர் வடியும்வரை மீட்டரைப் பார்த்திருந்தேன்.
போன வருஷம் சூளூர்ப்பேட்டை ஐஸ் ஃபேக்டரியில்
இரண்டு பக்கமும் கரண்ட் கொடுத்து
ஒரு கார்டைக் கொன்றவள் நான்.

நகத்தால் வார்னிஷைச் சுரண்டினேன்.
எட்டுக் கால். மூலையில் ஒரு பொட்டு,
கடுகில் பாதி. அதுதான் ஒன்றாம் கால்.
கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம்.
மூன்று புள்ளி மூன்று வோல்ட். ஐந்து அல்ல.

எழுதுமுன் படித்தேன்.
படித்ததை மறுபடி படித்தேன்.
இரண்டும் ஒத்துப்போகவில்லை.
மூன்றாவது வேறொரு கதை.

அந்நேரம் பார்த்து இவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்,
"ரெண்டு தொண்ணூறு" என்று சேர்ந்தே பேச ஆரம்பிக்க,
"உண்டண்டி, ஒருத்தர் பேசுங்க!"
தூக்கிய கை அப்படியே நின்றது.

கார்டிலும் இதுதான்.
நான் கொடுத்த துளிக் கரண்டில்
பெரிய சிப் விழித்துக்கொண்டு
அதே கம்பியில் தானும் பேசுகிறது.
அதன் ரீசெட் காலை ஒரு கம்பியால்
கிரவுண்டோடு கட்டினேன்.

இப்போது இரண்டு வாசிப்பும் ஒன்று.
'பெஞ்சலய்யா பழசு' என்று பெயரிட்டு
இரண்டு இடத்தில் வைத்தேன்.
கெட்டதுதான், இருந்தாலும்.

அழித்து, கம்பெனி அனுப்பிய நல்லதை எழுதவிட்டேன்.
எழுபத்தொரு சதவீதத்தில் ஈசல் ஒன்று
கிளிப்பின்மேல் வந்து உட்கார்ந்தது.
ஊதவில்லை. மூச்சும் விடவில்லை.
பெஞ்சலய்யாவும் விடவில்லை,
ஏனென்று தெரியாமலே.

சரிபார்த்தாயிற்று. கிளிப், கட்டிய கம்பி, பிறகு ஃபியூஸ்.
மூன்று சக்கரம் தண்ணீரை அறைந்தன.
நான்காவது முனகியது. அது பெல்ட்,
அதற்கு வேறு ஆள்.

வெகுநேரம் கழித்துக் கரையிலிருந்து
சுப்பம்மா ஓர் எண்ணைக் கத்தினாள், தெலுங்கில்.
பெஞ்சலய்யா அதைத் தமிழில் சொல்ல மறந்து
வரப்பில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்த விதத்தை ஒரே முறை படித்தேன்.
சரிபார்க்கவில்லை.