டிசம்பர் பக்கம்

மாங்கூழ்க் கம்பெனிக் காலண்டருக்குப்
பன்னிரண்டு படம் கேட்டார் கெஜபதி.
“நம்ம மாவட்டத்துப் பெருமையா இருக்கணும் ஷமீமா.
ஆள் மட்டும் வேணாம்.
ஆள் இருந்தா, ஏன் என்னைப் போடலன்னு
இன்னொரு ஆள் வருவான்.”

பதினொன்று முடித்துவிட்டேன்.
சையத் பாஷா மலை ஏறி இறங்கியதை
முழங்கால் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.
அணையில் மதகு திறந்த அன்று லென்ஸெல்லாம் சாரல்,
துடைத்த துப்பட்டாவில் ஆற்று வாடை.
மல்லசந்திரத்தில் கல்திட்டைக்குள்
ஓர் ஆடு படுத்திருந்தது.
அது எழுந்துபோக நாற்பது நிமிஷம்.
ஆடு ஆள் கணக்கில் வருமா என்று
போன் போட்டுக் கேட்டேன்; திட்டினார்.

டிசம்பருக்கு ரயில் என்றேன்.
“கிருஷ்ணகிரியிலயா?”
சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது.

இருந்தது.
திருப்பத்தூரிலிருந்து பர்கூர் வழியாக
இடுப்பு ஒடுங்கிய பாதையில் ஒரு சின்ன ரயில்.
உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தைப்
பெயர்த்து எடுத்துப்போனார்களாம்.
எந்த நாட்டு மணலில் கிடக்கிறதோ.

“இல்லாததை எப்படிப் பிடிப்பே?”
பாஸ்போர்ட் படத்தில் தினம் நாலு பேருக்கு
இல்லாத கோட்டு மாட்டி அனுப்புகிறவள் நான்.
ஸ்கூட்டியை எடுத்தேன்.

வண்டிப்பாதை வளைந்தது. ஓடை வளைந்தது.
வரப்புகூடப் பங்காளிச் சண்டைக்கு ஏற்ப வளைந்தது.
கேழ்வரகுக் கொல்லை நடுவே
ஒரு மேடு மட்டும்
யாருக்கும் ஒதுங்காமல்
வகிடு எடுத்தாற்போல் நேரே போயிற்று.
அதன் வயிற்றில் ஒரு கருங்கல் மதகு.
மேலே போவதற்கு ஒன்றுமில்லை.
கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

குனிந்து ஃபோகஸ் செய்கையில்
பின்னால் ஓட்டமும் மூச்சும்.
கையில் பிளாஸ்டிக் கவர்,
கவருக்குள் பட்டா, சிட்டா, ஆதார், எல்லாம் மூன்று மூன்று ஜெராக்ஸ்.

“சர்வேயா?”
“இல்லக்கா, போட்டோ.”
“சர்வேன்னாலும் மொதல்ல போட்டோதான் புடிச்சாங்க.
மூணு வாட்டி வந்தாங்க.
புது ரயில் வருதுன்னு கல்லு நட்டாங்க.
கல்லுல இப்ப மாடு கட்டறோம்.”

பேர் மாரக்கா.
காலண்டர் என்று சொன்னது காதில் ஏறவில்லை.
“போன வாட்டி புளியமரம் ஒம்போதுன்னு
எழுதிட்டுப் போயிட்டான் ஒருத்தன்.
பதினாலு. நீயே எண்ணு.
கலெக்டர் ஆபீஸ்ல காட்டணும்.
நெலத்துக்கு ஒரு காசு, மரத்துக்கு ஒரு காசாமே.”

ஒவ்வொரு மரத்தடியிலும் போய் நின்றாள்,
பட்டையில் உள்ளங்கை வைத்து,
கல்யாண மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில்
நிற்கிற அத்தைபோல விறைப்பாக.
சிரிக்கச் சொன்னேன்.
“சிரிச்சா ஒம்போதுதான் குடுப்பாங்க.”

பதினான்காவது
முழங்கால் உயரம். சுற்றி முள் வேலி.
“இது மரமாக்கா?”
“ரயில் வர்றதுக்குள்ள ஆயிடும்.”

கெஜபதி மதகுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஓரத்தில் ஒரு சேலை நுனி காற்றில் நுழைந்திருந்தது.
“ஆள்,” என்றார்.
டிசம்பரில் மறுபடியும் அணை,
சாயங்கால வெளிச்சத்தில்.

சனிக்கிழமை பஸ் ஏறி மாரக்கா கடைக்கு வந்தாள்.
பதினாலு பிரிண்டுக்குப் பேரம் பேசிப்
பன்னிரண்டின் காசு கொடுத்தாள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி எழுதி
ஸ்டுடியோ சீல் குத்தச் சொன்னாள்.
மை காயும்வரை ஊதினாள்.
பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் நடுவே மரங்களைச் செருகிக்
கவரை மடித்து இடுப்பில் சொருகினாள்.

படி இறங்கியவள் திரும்பி,
“ரயில் வந்தா ஒரு போன் போடு” என்றாள்.

எனக்கு முன்னால் உனக்குத்தானே கேட்கும், மாரக்கா,
உன் கொல்லையில்தானே
அது கூவ வேண்டும்.