மண்ணுக்குக் கழிவு

சுங்கை சிப்புட் ரயில் பாதைக்குப் பின்னால்
ஆ கியோங்கின் பழைய சாமான் கடையில்
தராசும் பில் புத்தகமும் என் பொறுப்பு.
மழை ஓய்ந்த செவ்வாய்க்கிழமை
துரை பங்களாவை இடிக்கிற குத்தகைக்காரன் சன்னாசிராசு
லாரியிலிருந்து இறக்கினான்:
ஏழு மின்விசிறி, குளியல் தொட்டி ஒன்று,
சாக்கில் சுற்றிய இரண்டு பொம்மை.

முதலாவதில் தாடிக்காரன் ஒருவன்
திமிறும் பெண்ணைத் தூக்கிப் போகிறான்.
காலடியில் நாய். மூன்று தலையில்
ஒன்று முறிந்து இப்போது இரண்டு.
"குறைச்சிக்கோ" என்றார் ஆ கியோங்,
நாயைப் பார்த்தா ராசுவைப் பார்த்தா, தெரியவில்லை.

காந்தம் ஒட்டவில்லை.
அடியில் அரத்தால் ஓர் இழுப்பு:
கறுப்புக்குக் கீழே மஞ்சள்.
வெண்கலம்.

இரண்டாவதை நிமிர்த்தியபோது கை நின்றது.
ஓடுகிற பெண். துரத்தி வந்தவன்
இடுப்பை எட்டிவிட்டான்.
அவள் விரல்நுனியெல்லாம் இலை.
கால்விரல் வேராகித் தரையைத் தேடுகிறது.
வாய் மட்டும் இன்னும் பெண்ணின் வாய்,
திறந்தபடி.

பீர் டின் விற்க வந்த சவரியம்மா
பையைக் கீழே போட்டாள்.
பதினாலு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும்
இதைத் துடைத்தவள்.
கிரேக்கத்துக் கதையாம். எங்கேயோ
ஆளுயரக் கல்லில் நிற்பதை
மேசைக்கு அடங்கச் சுருக்கி வார்த்ததாம்.
விருந்தாளிகளுக்குத் துரை சொல்லும்போது
தட்டு எடுக்க நின்றவள் கேட்டது.
"பொண்ண மட்டுந்தான் தேய்ப்பேன்.
அவன் மூஞ்சில துணி பட்டதில்ல."
உண்மைதான். இலையெல்லாம் மினுங்க
அவன் முகம் அடுப்புக்கரி.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பங்களாவில் வேலை பார்த்தவளிடம்
ஏன் என்று கேட்கிற ஊர் இல்லை இது.

"கையப் பாரு. தொட்டுட்டான்.
எதத் தொட்டான்?"
விரலுக்கும் வயிற்றுக்கும் நடுவே
ஏறி வந்திருக்கிறது
பட்டை.

நானும் ஆறு வருஷம் பால் வெட்டியவள்.
மயிரிழை ஆழம் கூடினால்
மரத்துக்குக் காயம், எனக்கு வசை.
என்னை அறியாமல் தேடினேன்
அவள் விலாவில் சரிந்திறங்கும் கோட்டை,
மங்கு தொங்கும் கம்பியை.
மரமானால் தப்பிக்கலாம் என்று
இந்தப் பக்கத்து ஆள் எவரும்
கதை கட்டியிருக்க மாட்டார்.

ஆ கியோங் தட்டினார். மந்தமான ஓசை.
கவிழ்த்தால் உள்ளே வார்ப்பு மண்,
எந்த ஊருடையதோ, இறுகிப்போய்.
"மண்ணுக்கு அரைக்கிலோ கழி."
கழித்தேன்.

பில்லில் முதல் வரி:
வெண்கலம். ஆண் 1, பெண் 1, நாய்த்தலை 2.
அடுத்த வரியில் பேனா கொஞ்சம் யோசித்து
மரம் 1 என்று எழுதியது.
"மரத்துக்கு எவன் காசு குடுப்பான்?"
ராசு சிரித்தான்.

டின்னுக்கு நாலு வெள்ளி அறுபது காசு.
எண்ணிப் பார்த்து வாங்கிய சவரியம்மா
சட்டைக் கையை இழுத்துவிட்டு
ஓர் இலையின் மேல் இருந்த சேற்றைத் துடைத்தாள்.
அவன் கண்ணில் அப்பியிருந்ததை
அப்படியே விட்டாள்.