வால்வு ரப்பர்

நோர்வேயிலிருந்து பார்சல்.
கோப்பித்தூள், தங்கச்சியின் பிள்ளைகளுக்குச் சின்னதாய்ப்போன சட்டைகள்,
நடுவில் ஒரு தகரப் பெட்டி.
திறந்தால் பன்னிரண்டு பூச்சிகள்
பஞ்சில் வரிசையாய்.
ஒன்றும் செத்ததில்லை, ஒன்றும் பிறந்ததுமில்லை.

மச்சான் அல்போன்ஸ் எழுதியிருந்தான்:
"ட்ரவுட் மீனுக்கு நானே கட்டினது.
ஆத்துக் கல்லுக்குக் கீழ கிடக்கிற புழு மாதிரி.
எந்தப் புழு எண்டு கேட்காத,
எந்தப் புழுவும் இல்லை.
பக்கத்துக்கு மூண்டு ரப்பர்க் கால்.
அது ஆடும். மீனுக்கு அது போதும்."

சைக்கிள் கடை மேசையில்
ஸ்போக்குக்கும் கிறீசுக்கும் நடுவில்
ஒன்றை வைத்து ஊதினேன்.
தங்க மணித் தலை அசையவில்லை,
மயிலிறகு சுற்றிய உடம்பு அசையவில்லை.
கால் ஆறும் மட்டும்
கோட்டுக்குப் பிந்திப் போகிறவன் கால்களைப் போல.
ஒட்டுப் போட வந்த கனகாம்பிகை ரீச்சர்
"ஐயோ" என்று சீலையைத் தூக்கிப் பின்னால் போனார்.
அவ்வளவு உயிர்.

யாழ்ப்பாணத்தில் ஆறில்லை என்பார்கள்.
வழுக்கையாறு மாரியில் மட்டும் ஞாபகம் வந்து ஓடும்.
ஆனால் பண்ணைப் பாலத்தடியில்
கடல் வற்றும் நேரம் நின்று பாருங்கள்:
களப்பு முழுவதும் ஒரு வாசலால் வெளியேற முண்டியடித்து,
தூணில் சுழி விழுந்து, நுரை கட்டி,
ஒரு மணித்தியாலம், கூடிப்போனால் இரண்டு,
ஆறு.

கடைக்கு அரைக் கதவு சாத்திவிட்டுப் போனேன்.
கட்டில் சீமாம்பிள்ளை இருந்தான்,
இறால் குத்திய தூண்டிலோடு.
என் பூச்சியை வாங்கி மூக்கில் வைத்து,
"இது மணக்கேல்லையே" என்றான்.
மச்சான் அங்கே பிடித்துப் பிடித்து விடுகிறானாம் என்றேன்.
"விடுறதுக்கு ஏன் பிடிக்கிறான்?"
நல்ல கேள்வி.
பதிலுக்கு நான் எறிந்தேன்.

ஓட்டத்தோடு போக விடு,
நூல் இழுபடக் கூடாது,
கடிதத்தின் இரண்டாம் பக்கம் அப்படித்தான் சொல்லிற்று.
பத்துத் தரம் ஒன்றுமில்லை.
பதினொன்றோ பன்னிரண்டோ,
நூல் ஒரு கணம் நின்றது,
தண்ணீர் எதையோ யோசித்ததுபோல.
வெட்டி இழுத்தேன்.

பேத்தை.
வயிறு ஊதிப் பந்தாகி
என்னைப் பார்த்துக் கர்ரென்றது.
கழற்றினால் ஆறு காலும் இல்லை.
கத்தரிக்கோலால் நறுக்கின மாதிரி
தலையும் மொட்டை உடம்பும் மிச்சம்.
சீமாம்பிள்ளை சிரித்த சிரிப்பில்
ஊர்காவற்றுறை பஸ் மெதுவாகிப் போனது.
"உன்ர மச்சான்ர மீன் நாகரிகமானது போல.
எங்கட மீன் காலைத்தான் முதல் சாப்பிடும்."

அன்று ஐந்து பூச்சி. ஐந்தும் முடம்.

இரவு கடையில்
வால்வு ரப்பர்ச் சுருளை எடுத்தேன்.
கறுப்பு, மெல்லிசு,
இந்த ஊரின் சில்லுகளுக்குள் காற்றைப் பிடித்து வைத்திருக்கிற குழாய்.
பிளேட்டால் நீளவாக்கில் கீறினேன்.
முதல் நான்கும் அறுந்தன.
மனிசியின் தையல் நூலால் முடிச்சுப் போட்டு
ஊதினேன்.
ஆடின,
மச்சானுடையதைவிடக் கொஞ்சம் சோம்பலாய்,
மத்தியானம் சாப்பிட்டவை போல.

சனிக்கிழமை நூல் மறுபடி நின்றது.
பேத்தை இல்லை, கை அறிந்தது.
முழங்கை நீளக் கொடுவா,
தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறியது,
வாயோரம் என் கறுப்புக் கால் ஒன்று தொங்க.
சீமாம்பிள்ளை தன் தூண்டிலைக் கீழே வைத்தான்.
"விடப்போறியோ?"
ஒரு நிமிடம் தண்ணீருக்குள் பிடித்தபடி நின்றேன்.
செவுள் திறந்து மூடிற்று.

குழம்பு நன்றாயிருந்தது.
மச்சானுக்கு அதை எழுதவில்லை.

மூன்று பூச்சியை உறையில் போட்டு அனுப்பினேன்.
அங்கே இப்போது ஆறு கட்டிபட்டுக் கிடக்குமாம்.
வைகாசியில் பனி உடைய
பெயர் தெரியாத ஒரு ட்ரவுட்
யாழ்ப்பாணத்துச் சைக்கிளில் வாய் வைக்கும்,
பிறகு விடப்படும்.
போய்த் தன் ஆட்களுக்குச் சொல்லட்டும்.

இன்று காலை ரீச்சர் வந்தார்,
பின்சில்லில் காற்று நிற்கவில்லை.
லாச்சியை இழுத்தேன், மூடினேன்.
"வால்வு ரப்பர் முடிஞ்சுது, ரீச்சர். நாளைக்கு வாங்கோ."
அவர் மேசையைப் பார்த்தார்.
மின்விசிறிக் காற்றில்
ஏழு பூச்சிகள் நின்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தன.