வடக்கே முகமில்லை

நெதர் ஹாரக் தேவாலயக் கோபுரத்தில்
கடிகாரத்துக்கு மூன்று முகம்.
தெற்கே ஒன்று, கிழக்கே ஒன்று,
மேற்கே, மதுக்கடையைப் பார்த்தபடி ஒன்று.
வடக்கே வெறும் கல்.

இந்த ஊர் மன்றத்துக்கு எழுத்தர் நான்.
பதினோரு வருஷமாய்க் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்:
சாக்கடை, வேலி, நாய், மறுபடி சாக்கடை.
பழைய பதிவேடுகள் என் சமையலறையில்
மாவு டப்பாவை ஒட்டி அடுக்கியிருக்கின்றன.

1791. கடிகாரத்துக்கு வீட்டுக்கு நாலு ஷில்லிங்.
வடக்குச் சரிவில் களிமண் உழுத ஜோசையா டக்கெட்
தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னாராம்:
"பசுவுக்கு மடி கனத்தால் எனக்கு மணி தெரியும்."
தெரு மொத்தமும் அவர் பின்னால் நின்றது.
சரி, என்றது ஊர்.
காசு கொடுக்காதவனுக்கு முகம் எதற்குக் கொடுக்க?

ஒலியைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
அது நாலு பக்கமும் போயிற்று.
டக்கெட் வீட்டு ஜன்னலுக்குள்
ஓசியில் பன்னிரண்டு அடித்தது.
அதை நினைத்தே தெற்குத் தெருவுக்குத் தூக்கம் கெட்டது.
மணியின் வடபுறத்தில் கம்பளி கட்டுவதென்று
1796-இல் ஒரு தீர்மானம் இருக்கிறது.
நிறைவேறியது. நடக்கவில்லை.

பிறகு அளவுச் சங்கிலியோடு ஒருவன் வந்தான்.
வாத்து மேய்ந்த பொதுப் புல்வெளி
ஒரே கோடையில் வரைபடமாகி, வரைபடம் வேலியாகி,
வேலிக்குள் சர் லேம்பர்ட்டின் ஆடுகள்.
வடக்குத் தெருவுக்குக் கிடைத்தது
வாத்துகளை விற்க ஒரு வாரத் தவணை.

பதினாறு வருஷம் கழித்து
சர் லேம்பர்ட்டின் வைக்கோற்போர்கள் எரிந்தன.
விசாரணையில் நீதிபதி கேட்டார்:
"நெருப்பைப் பார்த்தபோது மணி என்ன?"
வடக்குத் தெருக்காரர் ஒவ்வொருவராய் எழுந்து
மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள்:
"எங்கள் பக்கம் கடிகாரம் இல்லையே, ஐயா."
"மணியோசை கேட்குமே?"
"அன்றைக்குக் காற்று தெற்கு நோக்கி, ஐயா."
இருபத்து மூன்று சாட்சிகள்.
இருபத்து மூன்று பேருக்கும் அதே காற்று.
வழக்கு தள்ளுபடி.

பெரிய போருக்குப் போனவர்களில்
பதினொரு பேர் திரும்பவில்லை.
எட்டுப் பெயர் வடக்குத் தெரு.
நினைவுக்கல்லை எங்கே நடுவதென்று கூடினார்கள்.
என் அலமாரியில் உள்ள அத்தனை கூட்டங்களிலும்
ஒரே வரியில் முடிந்தது அது ஒன்றுதான்.
கல், வடக்குச் சுவருக்குக் கீழே நிற்கிறது.
அங்கே நின்று யாரும் நேரம் பார்க்க முடியாது.

சென்ற நவம்பரில்,
டக்கெட் வீட்டை வாங்கிக் குடியேறிய லண்டன்காரர்கள்,
ஆஸ்க்வித் தம்பதி,
நாலாவது முகத்துக்கு முழுப் பணமும் தருகிறோம் என்றார்கள்.
நல்ல மனசு. கேக் வேறு சுட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.
கூட்டத்துக்கு ஒன்பது பேர், ஒரு நாய்.
மொரீன் டாப்செல் எழுந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்;
ஏழு நாற்பத்திரண்டு என்றால்
ஏழு நாற்பத்திரண்டுக்கு வளைவில் நிற்பாள்.
"கேக் நன்றாயிருக்கிறது," என்றாள். "முகம் வேண்டாம்."
ஐந்துக்கு நாலு.
திருமதி ஆஸ்க்வித் கடைசியில் எதிர்த்துக் கை தூக்கியதை
அவள் கணவர் பார்த்தார், நானும் பார்த்தேன்.
பெயர் போட்டு எழுதுவது மரபல்ல.

மார்ச்சில் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஏறிய கொத்தன்
ஏணியிலிருந்து என்னைக் கூப்பிட்டான்.
கொடியை விலக்கினால் வடக்குச் சுவரில் வட்டமாய்க் குழிவு,
துருவேறிய நாலு ஆணிகளோடு.
அந்த நாளிலேயே வெட்டி வைத்தது.
மனசு மாறினால் மாட்டிக்கொள்ளட்டும் என்று
யாரோ இடம் விட்டிருக்கிறார்கள்.
இப்போது அதற்குள் காக்கைக் குஞ்சுகள்,
வாயைத் திறந்துகொண்டு.

அன்று மாலை எழுதினேன்:
பொருள் ஆறு. கூடு. அப்படியே இருக்கட்டும். ஏகமனதாக.
பொருள் ஏழு. சாக்கடை.