திருத்தக்கூடிய பிழை

திருமதி பூங்குழலி அருளப்பன் அவர்களுக்கு,
கொள்முதல் பாரத்தில் நீங்கள் கையொப்பமிடுமுன்.

திங்கட்கிழமை, மூன்றாம் பாடவேளை.
பூன் லேயில் வெளியே மழை,
கணினிக்கூடத்தில் அதைவிடக் குளிர்.
தொடக்கநிலை நான்கின் பதினாறு பிள்ளைகள்
கதைக்குப் படம் வரைந்துகொண்டிருக்க,
ஸபூரா கை தூக்கினாள்:
"சார், இங்க 'காப்பாற்று'னு ஒரு பட்டன் இருக்கு.
யாரைக் காப்பாத்தணும்?"

எட்டிப் பார்த்தேன்.
'சேமி' இருக்கவேண்டிய இடம்.
பக்கத்தில், பின்னோக்கி வளையும் அம்புக்கு
'செய்யாதே' என்று பெயர்.
யாரோ அகராதியை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு
தமிழுக்குள் வந்து போயிருக்கிறார்கள்.

"தப்புதானே சார்? திருத்துங்க."

நாள் முழுக்கத் திருத்துகிறவன் நான்.
றகரத்துக்கு ரகரம் போட்டால் வட்டம்,
ஒற்று விழுந்தால் கோடு,
மாதத்துக்கு இரண்டு சிவப்புப் பேனா.
அந்தப் பட்டனைத்தான்
மூன்று வருடமாகத் தொட முடியவில்லை.
நிறுவனத்துக்கு எழுதினேன்.
'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று
ஒரு வரி வந்தது. அதிலும் ஒற்றுப்பிழை.
வாடகை வீடு. வருடம் தவறாமல் கட்டுகிறோம்.
சுவரில் ஓர் ஆணி அடிக்க அனுமதியில்லை.

வெள்ளி மாலை,
கழிவுக்குப் போகக் காத்திருந்த நான்கு கணினிகளில்
ரோஸ்லி வேறொன்றை ஏற்றிக்கொடுத்தார்.
"லைசென்ஸ் எத்தனை பேருக்கு?" என்றேன்.
கோப்பியை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்:
"நீங்க எத்தனை பேர்?"

மறைக்கமாட்டேன்:
அதிலும் அதே 'காப்பாற்று', அதே 'செய்யாதே'.
ஆனால் சுவர் நம்முடையது.
வகுப்பு கூடி எழுதியது.
மட்டக்களப்பிலிருந்து தவநேசன் என்றொருவர் பதில் போட்டார்.
'சேமி' சரி என்றார்.
அம்புக்கு ஸபூரா சொன்ன 'திரும்பு' வேண்டாமாம்:
"அது நடந்துபோகிறவருக்குச் சொல்வது, தங்கச்சி.
'செயல்தவிர்' எப்படி?"
ஐந்து நாள் வாதாடினாள். தோற்றாள்.
ஓர் இடைவேளை முழுக்க
மீ சியாமைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பதினோராம் நாள் புதுப்பிப்பு வந்தது.
சேமி.
இரண்டே எழுத்து.
இனி ஈரோட்டிலோ ஈப்போவிலோ
ஏதோ ஒரு பிள்ளை அதை அழுத்தும்.
எங்கள் சிவப்பு மை அதற்குத் தெரியாது.
தெரியவேண்டியதுமில்லை.

கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள்.
கட்டணம் அற்றது என்று மட்டும் வாசித்துவிடாதீர்கள்.
சும்மா வராது அது.
நம் புதன் மாலைகள் சில போகும்.
திருமதி லிம்மின் பழைய பயிற்சித்தாள்களில்
கட்டங்கள் ஓரம் நகரும், கோபிப்பார்.
உட்கார்ந்து நகர்த்திக்கொடுக்க நான் இருக்கிறேன்.

பாரத்தின் நான்காம் கட்டம் கேட்கிறது:
'எத்தனை இருக்கைகளுக்கு உரிமம்?'
கூடத்தில் நாற்பது.
ஸபூராவுக்கு இன்னோர் இருக்கை உண்டு:
ஓரறை வாடகை வீட்டில்
மடக்குக் கட்டிலின் விளிம்பு,
மடியில் யாரோ தானம் தந்த மடிக்கணினி.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?
நன்னெறிப் பாடத்தில் 'பகிர்ந்து பழகு' என்று
நட்சத்திரம் ஒட்டுகிறோம்.
மணி அடித்ததும் கணினிக்கூடத்தில்
'இதை நண்பனுக்குக் கொடுக்காதே, குற்றம்' என்கிறோம்.
பிள்ளைகள் இரண்டையும் கேட்டுக்கொள்கிறார்கள்.
எதை நம்புகிறார்கள் என்று
நாம் கேட்டதில்லை.

நேற்றுக் காலை வரிசையில் நிற்கும்போது
என் சட்டையை இழுத்தாள்.
"சார், ராத்திரி சார்ஜர் கழண்டு
லேப்டாப் அணைஞ்சிருச்சு. பாதிப் படம் போச்சு.
யோசிச்சுப் பார்த்தா
'காப்பாற்று'வே இருந்திருக்கலாம் சார்.
மறுபடி மாத்தலாமா?"

மாற்றலாம் என்றேன்.
தவநேசன் என்ன சொல்வாரோ தெரியவில்லை.