அரை அங்குலம்

ஜூன் மாதத்து டூசானில்
கார்போர்ட்டில் கிடக்கும் ஸ்பேனரை வெறுங்கையால் தொட முடியாது.
அதனால்தான் என்ஜின் வீட்டுக்குள் வந்தது.
முதலில் செய்தித்தாள் மேல், அப்புறம்
விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த வால்நட் மேசை மேல்,
அப்புறம் "ரெண்டே வாரம்" என்று கிரசியெலா சொன்னதை நம்பி
சட்டகம், இரண்டு சக்கரம், டேங்க், மட்கார்டு,
எல்லாம் ஏர்கூலருக்கு நேர் எதிரே.

அது பதினோரு மாதத்துக்கு முன்.

வீடு என்னுடையது. அதாவது
கடன் இருவர் பேரிலும்,
கிறுக்கு என் பேரில் மட்டும்.
ஐம்பத்தெட்டில் கட்டியது. தட்டைக் கூரை, சுட்ட மண்கல்,
மேற்கே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி.
திறக்காது. வரைந்தவருக்கு மலை தெரிந்தால் போதும்,
காற்று வேண்டியிருக்கவில்லை.
மஞ்சள் சமையலறையில் ஒரு குமிழ் உடைந்தபோது
அதே குமிழைத் தேடி
இரண்டு மாநிலம் கார் ஓட்டியவன் நான்.

வண்டி அவளுடையது. அறுபத்திரண்டு ட்ரையம்ப்.
நோகாலெஸில் ஒரு கோழிக்கூண்டுக்குள் கிடந்தது.
ஓடாத வாஷிங் மெஷினைக் கொடுத்து
ஓடாத வண்டியை வாங்கி வந்தாள்.
அதன் நட்டுகள் அங்குலத்துக்கும் அடங்காது,
மில்லிமீட்டருக்கும் அடங்காது.
தனி ஸ்பேனர், தனி டிராயர்.
என் முட்கரண்டிகள் இப்போது ஷூ பெட்டியில்.

நான் "அசல்" என்பேன். அவள் "ஓடணும்" என்பாள்.
கார்க் தரையில் எண்ணெய் வட்டம் விழுந்த அன்று
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் பெரிய சண்டை.

மே மாதம், விடிகாலை நாலு மணி.
கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு என்னை எழுப்பினாள்.
வெயில் ஏறுமுன் வெளியே தள்ளிவிடலாம்.
நான் பின்னால், அவள் முன்னால்.
வாசலில் நின்றது.

ஹேண்டில்பாரைத் திருப்பலாம். திருப்பினால்
முன்சக்கரம், வெளியே இரண்டடியில் நிற்கும்
துளைக்கல் தடுப்பில் போய் முட்டும்.
அந்தத் தடுப்பைத்தான்
வீடு பார்க்க வந்த அன்றைக்கு
நான் பத்து நிமிஷம் தடவிக்கொண்டிருந்தேன்.

"நிலையைச் சீவு."
"அது மஹோகனி."
"நான் மறுபடி ஹேண்டில்பாரைக் கழற்றமாட்டேன், வென்டல்."
கழற்றினால் ஆறு கேபிள். எனக்குத் தெரியும்.
ஆறையும் அவள் மாட்டியபோது டார்ச் பிடித்தவன் நான்.

டேப்பை எடுத்து அளந்தேன். அரை அங்குலம்.
நம்பாமல், நிலையின் ஓரச் சட்டத்தை
வெண்ணெய்க் கத்தியால் மெல்ல நெம்பினேன்.
உள்ளே பச்சை மரத்தில் பென்சில் எழுத்து:

*அரை அங்குலம் குறைந்துவிட்டது.*
*இன்றைக்கு நூற்றுப் பத்து டிகிரி.*
*யாரும் அளக்கப் போவதில்லை.*

பெயர் இல்லை.
கிரசியெலா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
சிரிப்பா என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்புதான்,
ஆனால் கண்ணைத் துடைத்த கையில் கிரீஸ்,
நெற்றி வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

பிறகு கைப்பிடி ரப்பர் இரண்டையும் உரித்தாள்.
பக்கத்துக்குக் கால் அங்குலம்.
வண்டி போனது,
மஹோகனியில் ஒரு கீறல் போட்டுக்கொண்டு.

ஏழாவது உதையில் பிடித்தது.
கண்ணாடிச் சுவர் அதிர, எதிர்வீட்டு லண்ட்க்விஸ்ட்
பைஜாமாவோடு வெளியே வந்தார்.
திட்டத்தான் வந்திருப்பார். நின்று கேட்டார்.
கையுறை போட்டுக்கொண்டு, வெறும் குழாயைப் பிடித்தபடி
அவள் தெருமுனை திரும்பினாள்.
சத்தம் இரண்டு தெரு கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

நடந்து போனேன். ஒரு பாலோ வெர்டே மரத்தடியில்
வண்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.
"பெட்ரோல் வருது. மின்சாரம் வரலை."
திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம். வெயில் ஏறிவிட்டது.
வாசல் வரை வந்து
இருவரும் கதவைப் பார்த்தோம்.

கார்போர்ட்டிலேயே விட்டோம்.

ஓரச் சட்டத்தைத் திரும்ப அடிக்குமுன்
அவள் பென்சில் கேட்டாள்.
அந்த மூன்று வரிக்குக் கீழே எழுதினாள்:
*அளந்தாயிற்று.*
தேதி போடச் சொன்னேன்.
போடவில்லை.