பொய்ப்பை

டில்லன் ஊர்த் தீவனக் கடையில்
உப்புக்கட்டிகளுக்கும் முள்கம்பிச் சுருள்களுக்கும் நடுவே
ஒரு கண்ணாடிப் பெட்டி.
உள்ளே எழுபத்திரண்டு மடக்குக் கத்திகள்.
எட்டு வருடமாகச் சாவி என்னிடம்.

ஆண் வந்தால் விரலை நீட்டுவான்: "அது."
பெண்ணுக்கென்று வாங்க வந்தாலோ
பேச்சே மாறிவிடும்.
"சின்னதா ஏதாவது?"
"பயத்துக்கு வச்சுக்கற மாதிரி?"
அதற்கென்றே கீழ்த்தட்டில்
ரோஸ் நிறப் பிடி போட்ட ஒன்று.
ஒரு மாதம் தாங்கும் அதன் ஸ்பிரிங்.
நான் சொல்வதில்லை.

நவம்பரில் ஒரு வியாழன். வெளியே பனி
சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது.
ஆர்டெல் க்விஸ்ட் வந்தாள்,
தபால் வண்டிக்குப் புதியவள்.
தொண்ணூறு மைல், நூற்றுப் பதினொரு பெட்டிகள்.
கூட வந்த தம்பி முந்திக்கொண்டான்:
"தனியா போற ரோடு. எவனாவது குறுக்கே வந்தா..."
"எவனுமே வராத ரோடு, ராய்ஸ்.
அதுதான் பிரச்சினை."

வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
இடது கையில் கம்பளி உறை.
"ஒரு கை எப்பவும் எதையாவது பிடிச்சிட்டிருக்கும்,
கதவு, மூட்டை,
கம்பியில மாட்டின கன்னுக்குட்டி."
முதல் கத்தி உறையில் வழுக்கியது.
இரண்டாவது நகத்தைக் கேட்டது.
ஐந்தாவது திறந்தது, மூட மறுத்தது.
ஒவ்வொன்றையும் காதருகே வைத்து
பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டாள்,
பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பவளைப் போல.

கடைசியில் எடுத்தது
யாரும் தொடாத ஆரஞ்சுப் பிடி.
சாலை மறியல் கூம்பு மாதிரி இருக்கு, என்று சிரித்தான் ராய்ஸ்.
"பனியில விழுந்தா தெரியணும்ல."
கிளிப்பைக் கழற்றி
இடதுகைப் பக்கம் மாட்டிக் கொடுத்தேன்.
நாற்பத்து மூன்று டாலர். சில்லறை வேண்டாமென்றாள்.

பிறகு பாக்கெட்டில் போடப் போனாள்.
போகவில்லை.
புதுக் கால்சட்டை. பாக்கெட்டின் வாய்
நூலால் தைத்து மூடியிருந்தது.
ஒரு நொடி பார்த்தாள்.
கத்தியைத் திறந்து, என் கல்லாவுக்கு முன்பே,
இடுப்போரம் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள்.
தம்பி திரும்பிக்கொண்டு
குதிரைப் பூச்சிமருந்தின் விலையைப் படித்தான்.
நீல நூல் துணுக்குகள் ரசீதின் மேல் விழுந்தன.
கையை விட்டாள்.
இரண்டாம் கணுவோடு முடிந்துவிட்டது ஆழம்.

"கித்தான் துண்டு ஏதாவது இருக்கா?"
கிழிந்த ஓட்ஸ் மூட்டை ஒன்றைத் தந்தேன்.
ஒரே இழுப்பில் ஒரு சாண் அறுத்தெடுத்து,
மடித்து, போய்விட்டாள்.

அன்று இரவு வீட்டில்
கதவருகே தொங்கிய நோரீனின் கோட்டுக்குள்
கையை நுழைத்துப் பார்த்தேன்.
என் நகங்கள் துணியில் இடித்தன.
மறுபக்கமும் அப்படியே. வெறும் மடிப்பு.

அடுப்படியிலிருந்து, "என்ன தேடறே?" என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
போன கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த
ரோஸ் கத்தி
ரப்பர் பேண்டுகளோடு எந்த டிராயரில் கிடக்கிறதென்று
நான் கேட்கவில்லை.